மருந்து அடிப்பவருக்கு எத்தனை பக்கம் வேண்டும்?

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



காலையில் பிரட்டுக் களத்தில் புல்லுக்கு மருந்து அடிக்க ஆட்களைப் பிரித்து விடுகிறார்கள். ஸ்டோர் சுவரில் நான்கு பக்கக் கடதாசி, பொடி எழுத்தில். நாம் யாரும் அதை முழுவதும் வாசித்ததில்லை. ஏதாவது நடந்தால் மட்டும், "அங்கேதானே ஒட்டியிருக்கிறது!" என்ற பதில் வருகிறது.

இது நமது சோம்பல் என்றே நினைத்திருந்தோம். 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பனியில் ஜோன் கரோல் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும், கந்தோர் ஊழியர்கள் கணினியில் கடிதம் அடிக்கப் பழகுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். படித்தவர்கள், மேசை கதிரையில் இருப்பவர்கள். அவர்களும் புத்தகத்தை ஒழுங்காக வாசிக்கவில்லை. இரண்டு வரி பார்த்துவிட்டு வேலையில் கை வைத்தார்கள், பிழைத்தது, மீளும் வழி தெரியாமல் தடுமாறினார்கள். 94 பக்கப் பாடத்துக்குப் பதிலாக அந்தக் குழு 25 அட்டைகள் செய்தது. என்ன செய்யப் போகிறீர்கள், சரியாக நடந்ததை எப்படி அறிவது, பிழைத்தால் என்ன செய்வது என்பவை அட்டைகளில் இருந்தன. அவற்றோடு பழகியவர்கள் வேகமாகப் பழகினார்கள்.

பக்கம் குறைந்ததைவிட, "பிழைத்தால் என்ன செய்வது" என்பதற்கு இடம் கொடுத்ததுதான் நமக்கு முக்கியம். நமது சுவர்க் கடதாசியில் அது கிடையாது. மலையின் நடுவில் நோசில் அடைத்துக்கொண்டால்? கழற்றி வாயால் ஊதுகிறோம். இங்கே இருப்பவர்களிலும் ஊதியவர்கள் உண்டு. வெட்கப்பட வேண்டாம், வேறு வழியை யார் சொன்னார்கள்? அப்படி ஊதிய தம்பி ஒருவர் அன்று இரவு முழுக்க வாந்தி எடுத்ததை நாம் பார்த்தோம். அந்த நான்கு பக்கத்திலும் மருந்தின் பெருமை இருந்தது, பதிவு இலக்கம் இருந்தது. இந்த மூன்று வரி இல்லை:

நோசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். கையுறையோடு கழற்றித் தண்ணீரில் கழுவி, மெல்லிய பிரஷால் தேயுங்கள். கம்பியால் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும்.

இப்படி எழுதினால் மலைக்குத் தண்ணீரும் பிரஷும் கொடுத்தனுப்ப வேண்டிவரும். அதையும் சேர்த்தே கேட்போம்.

அளவையும் பாருங்கள். "ஹெக்டேயருக்கு இத்தனை லீட்டர்" என்று போட்டிருக்கிறது. நாம் முதுகில் சுமப்பது ஹெக்டேயரையா? ஒரு டாங்கிக்கு எத்தனை மூடி என்று எழுதட்டும். "தற்காப்பு அங்கிகள் அணியப்பட்டிருத்தல் உறுதிப்படுத்தப்படல் வேண்டும்" என்ற வரி, மருந்தைக் கலக்கும் பகுதிக்குப் பிறகு வருகிறது. அந்த இடத்துக்கு வாசித்து வரும்போது கையில் மருந்து பட்டிருக்கும். "கையுறையும் இறப்பர் சப்பாத்தும் போட்ட பிறகு மூடியைத் திறவுங்கள்" என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். கையுறை இல்லாத ஸ்டோரில் அந்த வரியும் வீண்தான், அது வேறு சண்டை.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை. கடதாசியைச் சுருக்கச் சொல்கிறோம் என்று போத்தலின் லேபிளைக் கிழிக்க விடாதீர்கள். யாருக்காவது மயக்கம் வந்தால் வைத்தியர் முதலில் கேட்பது, என்ன மருந்து என்பதைத்தான். லேபிளும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்த வகுப்புக்கு உங்கள் தோட்டத்துக் கடதாசியைப் பிரதி எடுத்து வாருங்கள். மருந்து அடிக்கிற ஒருவரையும் அழைத்து வாருங்கள். நாம் எழுதுவதை அவர் வாசித்து, வெறும் தண்ணீர் ஊற்றிய டாங்கியில் செய்து காட்டட்டும். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்தி எழுதி, நிர்வாகத்திடம் கொடுப்போம்.