தண்ணீர்மலைக்கு எந்த லென்ஸ்?



பினாங்கில் தைப்பூசம் நெருங்க நெருங்க ஒரே கேள்வி என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணே, பழைய மேனுவல் கேமரா ஒன்று வாங்கிவிட்டேன். கூடவே 50 எம்எம் லென்ஸ் இருக்கிறது. அடுத்து ஒரு டெலி வாங்க வேண்டும். 85 எஃப் 1.4 வாங்கலாமா, 135 எஃப் 2 வாங்கலாமா?" கேட்கிற பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஃபில்மில் எடுக்க வேண்டும், கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும் என்று இருபது வயதுக்காரர்கள் ஆசைப்படுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. என் கோபமெல்லாம் அந்தச் சின்ன எண்மேல்தான். 1.2, 1.4, 2 என்று எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு உயர்ந்த லென்ஸ் என்று ஓர் எண்ணம் பரவிக் கிடக்கிறது. பின்னணி முழுக்கக் கரைந்து காணாமல் போனால்தான் அது நல்ல படமாம். ஜார்ஜ்டவுன் மாதிரி ஊரில் இருந்துகொண்டு பின்னணியைக் கரைத்துவிட ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஃபாஸ்ட் லென்ஸ் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் எதற்கு வேண்டும் என்பதில்தான் நான் வேறுபடுகிறேன். மேனுவல் கேமராவில் ஃபோகஸ் செய்வது நம் கண். லென்ஸின் வாய் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில்தான் வ்யூஃபைண்டரில் காட்சி தெரிகிறது. எஃப் 4 லென்ஸைவிட எஃப் 2.5 லென்ஸ் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெளிச்சத்தை நம் கண்ணுக்குக் கொண்டுவருகிறது. நடுவில் வட்டமாக ஒரு ஸ்ப்ளிட் ப்ரிஸம் இருக்கிறதே, எஃப் 5.6 போன்ற இருண்ட லென்ஸைப் போட்டால் அதில் பாதி கறுத்துப்போகும். அந்தி நேரத்தில் பினாங்கு வீதிப் பூக்கடை வாசலில் நின்றுகொண்டு அந்தக் கறுப்பை வைத்து என்ன செய்ய முடியும்? ஆகவே ஃபாஸ்ட் லென்ஸ் முதலில் பார்ப்பதற்கு. பிறகுதான் ஷட்டர் வேகத்துக்கு. பின்னணியைக் கரைப்பது கடைசிக் கணக்கு.

கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு அடங்க வேண்டும். டெலி லென்ஸ் வாங்குகிறவர் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மறுபடியும் சொல்கிறேன்: கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு அடங்க வேண்டும்.

இந்த இரண்டும் ஒருசேர அமைந்த லென்ஸ் எது என்று கேட்டால், நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் நிக்கார் 105 எம்எம், எஃப் 2.5. இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே செலவிடப் போகிறேன். மற்ற லென்ஸ்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1959-இல் நிக்கான் எஃப் கேமரா வந்தபோதே அதற்கு 105 இருந்தது. ஆரம்பத்தில் அதன் உள்ளமைப்பு ஸோனார் வகை. 1971-இல் அதை காஸ் வகைக்கு மாற்றினார்கள். ஸோனார் வகை முகங்களுக்கு மென்மை தரும். காஸ் வகை கிட்டத்தில் எடுக்கும்போது இன்னும் கூர்மை. இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம். 1977-இல் ஏஐ, 1981-இல் ஏஐ-எஸ் என்று மேல்கூடும் மவுண்டும் மாறின, ஆனால் காஸ் கண்ணாடி அமைப்பைக் கடைசிவரை அவர்கள் கைவிடவில்லை. ஏஐ-எஸ் வகையில் ஹூட் லென்ஸிலேயே இருக்கிறது, இழுத்தால் வரும். எடை 435 கிராம். ஃபில்டர் அளவு 52 எம்எம். உங்கள் 50 எம்எம் லென்ஸுக்கு வாங்கிய அதே ஃபில்டர் இதற்கும் பொருந்தும். இதோடு ஒப்பிடுங்கள்: 85 எஃப் 1.4 620 கிராம், 135 எஃப் 2 860 கிராம். நிக்கான் எஃப்எம் 2 கேமராவே 540 கிராம்தான்! கேமராவைவிடக் கனமான கண்ணாடியை முன்னால் தொங்கவிட்டு, கூட்டத்தில் ஒரு கையால் தாங்கி, மறு கையால் வளையத்தைத் திருப்ப வேண்டும். விலையும் 105-ஐப் போலப் பல மடங்கு.

பத்திரிகைப் படங்களிலேயே உலகம் அதிகம் பார்த்த முகங்களில் ஒன்று இந்த 105 எடுத்தது. 1984-இல் பெஷாவர் பக்கத்து அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த, பச்சைக் கண் ஆப்கான் சிறுமியின் படம். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்தது. எஃப்எம் 2 கேமரா, 105 எஃப் 2.5 லென்ஸ், கோடாக்குரோம் ஃபில்ம். அந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் பச்சை அமைதியாக அடங்கி நிற்கிறது. முக்காட்டின் கிழிசல், நூல், மடிப்பு எல்லாம் தெரிகின்றன. இரண்டு கண்களும் தெளிவு. அந்த முகத்துக்கு எஃப் 1.4 தேவைப்படவில்லை.

அந்தத் தெளிவு நம் ஊர்த் தைப்பூசத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். போன ஆண்டு ஒரு தம்பி தன் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். நல்ல கண் உள்ளவர், எங்கே நிற்க வேண்டும், எப்போது அழுத்த வேண்டும் என்று தெரிந்தவர். கையில் 85 எஃப் 1.4. எல்லாவற்றையும் 1.4-லேயே எடுத்திருந்தார். அலகு குத்திய ஒரு பக்தரின் முகம். ஒரு கண் மட்டும் அற்புதமாக விழுந்திருக்கிறது. மற்றக் கண் மங்கல். கன்னத்தில் ஏறிய வேல், மங்கல். நெற்றித் திருநீறு பாதி மங்கல். கணக்கு எளிது. 85 எம்எம், எஃப் 1.4, இரண்டு மீட்டர் தூரம் என்றால், கூர்மையாக விழும் ஆழம் 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. அலகு குத்திய முகத்தில் அந்த வேல்தானே பக்தரின் நேர்த்திக்கடன்? அது மங்கினால் பிறகு படத்தில் என்ன மிச்சம்? 105-ஐ மூன்று மீட்டரில் எஃப் 2.5-இல் வைத்தால் 12 சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும். எஃப் 4-க்குக் குறைத்தால் ஏறக்குறைய 20. முகம் முழுதும், வேலும் சேர்ந்து நிற்கும். அந்தத் தம்பியிடம் என்னுடைய 105-ஐ ஒரு வாரத்துக்குக் கொடுத்தேன். திருப்பித் தரும்போது, "இது எங்கே கிடைக்கும்?" என்றுதான் கேட்டார்.

இன்னொன்றையும் பாருங்கள். மூன்று மீட்டரில் நிற்கும் ஒருவரை 105-இல் நெடுக்குச் சட்டகமாக எடுத்தால், தலையிலிருந்து இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை அழகாக அமையும். அதையே 135-இல் எடுக்க நான்கு மீட்டர் தூரத்துக்குப் பின்னால் போக வேண்டும், 180-இல் ஐந்து மீட்டருக்கு மேல். தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில், காவடி வரும் நேரத்தில், பின்னால் போக உங்களுக்கு இடம் தருவது யார்? லிட்டில் இந்தியாவின் ஐந்தடி நடைபாதையில் எங்கே போவீர்கள்? சுவர்தான் முதுகில் முட்டும். இந்த ஊரின் அளவுக்கு 105 சரியான அளவு.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் அதிகாலையில் பினாங்கு வீதி கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கி வெள்ளி ரதம் புறப்படும். 2017-இலிருந்து குவீன் வீதி மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் புறப்படுகிறது. அந்த இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கிறவர்களின் கை வேகத்தை நிறுத்த வேண்டும். 105-ஐக் கையில் பிடித்து எடுக்க 1/125 நொடி வேண்டும், ஆடும் உடம்பை நிறுத்த 1/250. ஐஎஸ்ஓ 400 ஃபில்மை 1600 என்று வைத்துச் சுட்டு, கழுவும் இடத்தில் தள்ளிக் கழுவச் சொன்னால் எஃப் 2.5 அங்கே உங்களைக் கைவிடாது. எஃப் 4 லென்ஸ் கைவிடும். இதற்குத்தான் ஃபாஸ்ட் லென்ஸ்.

ஃபோகஸ் செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லென்ஸை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆடி வரும் காவடியைத் துரத்தித் துரத்தி வளையத்தைத் திருப்பாதீர்கள். சாலையில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள், தார் வெடிப்போ, வெள்ளைக் கோடோ, உடைந்த தேங்காய் ஓடோ. அதன்மேல் ஃபோகஸ் வைத்து வளையத்தை விட்டுவிடுங்கள். பக்தர் அந்த இடத்துக்கு வரும் கணத்தில் அழுத்துங்கள். சற்று முன்னே பின்னே வந்தால் வளையத்தைத் தொடாமல் உங்கள் உடம்பை ஓர் அங்குலம் சாய்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களின் வளையம் சிறிது தொட்டாலே ஓடிவிடும். பழைய 105-இன் வளையம் நிதானமாக, நீண்ட சுற்றாகத் திரும்பும். கை அந்தச் சுற்றைப் பழகிக்கொண்டால், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே மூன்று மீட்டர் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

மற்ற லென்ஸ்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலிம்பஸ் ஓஎம் வைத்திருப்பவர் ஸுய்க்கோ 100 எஃப் 2.8 தேடட்டும். 230 கிராம்தான், சட்டைப் பையில் போடலாம். மினோல்ட்டாக்காரருக்கு ராக்கர் 100 எஃப் 2.5. கேனன் எஃப்டி என்றால் 100 எஃப் 2.8. பென்டாக்ஸ் ஸ்க்ரூ மவுண்ட் என்றால் டக்குமார் 105 எஃப் 2.8. எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை, கைக்கு அடங்குபவை. 180 எஃப் 2.8 பெரிய பரம்பரை கொண்ட லென்ஸ். 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்காக ஸைஸ் செய்த 180 எம்எம் ஸோனாரில் தொடங்கிய பரம்பரை அது. ரதம் சாலையில் நேர் எதிரே வரும்போது அதன் அழகு தனி. ஆனால் அதை முதல் டெலியாக வாங்காதீர்கள். 135 எஃப் 2.8 எங்கும் மலிவாகக் கிடைக்கும், கெட்ட லென்ஸும் இல்லை. காசு குறைவாக இருந்தால் அதை வாங்குங்கள்.

இனி வாங்கும் இடத்துக்கு வருவோம். லோரோங் கூலிட் காலைச் சந்தையில் துணி விரித்துப் போட்டிருக்கும் லென்ஸாக இருக்கட்டும், கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் லென்ஸாக இருக்கட்டும், பார்க்கும் முறை ஒன்றுதான். ஒரு சின்ன டார்ச் கொண்டு போங்கள். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து முன்பக்கம் பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்துப் பாருங்கள். நம் ஊரின் ஈரக்காற்றில் முதல் எதிரி பூஞ்சை. சிலந்தி நூல்போல ஓரத்திலிருந்து உள்ளே கிளை விட்டிருக்கும். தொடக்க நிலையில் துடைத்தெடுத்துவிடலாம். முற்றினால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும், பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது. இரண்டாவது, மங்கல் படலம். கண்ணாடி முழுக்கப் புகை படிந்ததுபோல இருக்கும். கடை விளக்குக்கு எதிரே எடுத்தால் படம் வெளுத்துப்போகும். மூன்றாவது, அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய். வெயிலில் கிடந்து கிடந்து பழைய கிரீஸ் இளகி இதழ்களுக்கு இறங்கிவிடும். அப்பர்ச்சர் வளையத்தைச் சிறிய வாய்க்குத் திருப்பி வைத்து, நிக்காரின் பின்பக்கம் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தட்டிவிடுங்கள். இதழ்கள் சட்டென்று திறந்து மூட வேண்டும். சோம்பலாக நகர்ந்தால், விலையில் சர்வீஸ் செலவைக் கழித்துக் கேளுங்கள்.

மேல்கூட்டில் கீறல், பெயிண்ட் உதிர்வு இதற்கெல்லாம் தயங்க வேண்டாம். பளபளப்பாக இருக்கிறது என்று நூறு வெள்ளி அதிகம் கொடுக்காதீர்கள். உள்ளே சுத்தமாக இருக்கும் அழுக்கு லென்ஸுக்குக் கொடுங்கள்.

எஃப்எம் 2 வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏஐ-க்கு முந்திய நிக்கார் லென்ஸ்களை அதில் அப்படியே மாட்டக் கூடாது. அப்பர்ச்சர் வளையத்தின் பின்விளிம்பை ஏஐ முறைக்கு வெட்டி மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். 1977-இல் வந்த முதல் எஃப்எம்-இல், அப்பர்ச்சர் வளையத்தோடு இணையும் மவுண்ட் ஓரத்துச் சிறு நாக்கை மடித்து வைத்துக்கொள்ளலாம், எஃப்எம் 2-இல் முடியாது. விற்பவர் "எல்லாம் பொருந்தும்" என்பார். நீங்கள் பாருங்கள்.

வாங்கிய பிறகு அதோடு வந்த பழைய தோல் உறையைத் தூக்கி எறிந்துவிடுங்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையை வளர்ப்பதே அதுதான். ட்ரை கேபினட் வாங்க முடிந்தால் ஈரப்பதத்தை 40-இலிருந்து 50 விழுக்காட்டுக்குள் வையுங்கள். முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போதும், நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திக்கொள்ளுங்கள். ரதம் பார்த்துவிட்டு வந்த இரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும் லென்ஸை அப்படியே பையில் விட்டுவிடாதீர்கள். முன் கண்ணாடியில் திருநீறு படிந்திருக்கும். அதைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் ஊதுபந்தால் ஊதிவிடுங்கள். தேங்காய்த் தண்ணீர் தெறித்திருந்தால், லேசாக நனைத்த துணியால் மேல்கூட்டைத் துடைத்து, மின்விசிறிக்கு முன் சற்று நேரம் வைத்துவிட்டுப் பிறகு டப்பாவில் போடுங்கள்.