கெலவரப்பள்ளி நுரை: அணை செய்யுற வேலையும் நாம செய்யுற வேலையும்

மழைக்காலம் வந்தா ஓசூர் பக்கத்துல இருந்து ஒரு வீடியோ நம்ம ஃபோனுக்கு வந்துடும். தென்பெண்ணை ஆத்துல, கெலவரப்பள்ளி அணைக்குக் கீழ, மலை மாதிரி வெள்ளை நுரை. தரைப்பாலம் இருக்குற இடமே தெரியாது. காத்தடிச்சா நுரை பிய்ஞ்சு பறந்து பக்கத்து வயல்ல விழும். சில பேர் அதுக்கு முன்னால நின்னு ரீல்ஸும் எடுக்குறாங்க.

இன்னைக்கு ஒரே ஒரு கேள்வி. ஷட்டரைத் தாண்டின பிறகுதான் தண்ணி இப்படிப் பொங்குது. அப்போ நுரைக்குக் காரணம் அணையா?

முதல்ல வீட்டு சிங்க்ல குழாயைத் திறந்து பாருங்க. தண்ணி விழுற இடத்தைச் சுத்தி மெல்லிசா, வழவழன்னு ஒரு வட்டம் இருக்கும். கொஞ்சம் தள்ளி வரப்பு கட்டின மாதிரி தண்ணி சட்டுன்னு உயரும். இந்த ஏற்றத்துக்குப் பேர்தான் நீர்த்தாவல், அதாவது ஹைட்ராலிக் ஜம்ப். சிங்க்ல பரப்பு இழுவிசைக்கும் இதுல பங்கு உண்டு. ஆத்துலயும் கால்வாய்லயும் முக்கியமா புவியீர்ப்புதான்.

ஏன் உயருது? மெதுவா ஓடுற ஓடையில கல்லைப் போட்டா, அலை ஓட்டத்தை எதிர்த்து மேல்பக்கமும் நகரும். ஷட்டருக்கு அடியில இருந்து பீறிட்டு வர்ற தண்ணியில அது நடக்காது. அலையை விடத் தண்ணி வேகமா ஓடுது. கீழ தண்ணி மெதுவா நிக்குதுங்கிற சேதி மேல போய்ச் சேராது. பெங்களூர் ஹைவேயில பறந்து வர்ற வண்டிகள் கிருஷ்ணகிரி டோல்கேட்டுல வந்து நெருக்கி நிக்கிற மாதிரி, தண்ணியும் ஒரே இடத்துல வந்து மோதி, குவிஞ்சு, உயருது.

தண்ணியோட வேகம் அலையோட வேகத்தைப் போல எத்தனை மடங்குன்னு சொல்றதுதான் ஃபுரூட் எண். 19-ம் நூற்றாண்டுல இங்கிலாந்துல கப்பல் மாதிரிகளைத் தண்ணியில இழுத்து ஆராய்ச்சி பண்ணின வில்லியம் ஃபுரூடோட பேர் அது. அந்த எண் 1-க்கு மேல இருக்குற ஓட்டம், 1-க்குக் கீழ மாறுற இடத்துலதான் தாவல் நடக்கும்.

ஒரு கணக்குப் போடலாம். அரை மீட்டர் ஆழத்துல, நொடிக்கு 10 மீட்டர் வேகத்துல தண்ணி வருதுன்னு வெச்சுக்குங்க. ஃபுரூட் எண் சுமார் 4.5. தாவலுக்குப் பிறகு ஆழம் ஏறக்குறைய 3 மீட்டர் ஆயிடும். வேகம் நொடிக்கு 1.7 மீட்டருக்கு இறங்கிடும். தண்ணி கொண்டு வந்த ஆற்றல்ல 40 சதவீதத்துக்கு மேல அந்தச் சுழல்லயே கரைஞ்சு போயிடும்.

அணை கட்டுற பொறியாளர்களுக்கு இது வரம். அந்த ஆற்றல் அப்படியே கீழ போனா ஆத்துப் படுகையை அரிச்சு, அணையோட அடிவாரத்தையே தோண்டிடும். அதனால தாவல் கான்கிரீட் தளத்து மேலயே நடக்குற மாதிரி வடிவமைப்பாங்க.

தாவல் இன்னொரு வேலையும் செய்யும். சுழல்ற தண்ணி காத்தை உள்ள இழுத்துக்கும். நல்ல தண்ணியா இருந்தா அந்தக் குமிழிகள் கொஞ்ச நேரத்துல உடைஞ்சிடும், ஆக்சிஜனும் கரையும். மீனுக்கும் ஆத்துக்கும் லாபம். சோப்பும் டிடர்ஜென்ட்டும் கலந்த தண்ணியில கதையே வேற. அதுல இருக்குற சர்ஃபாக்டன்ட் குமிழியோட தோல்ல ஒட்டிக்கிட்டு அதை உடைய விடாது. ஆக்சிஜன் கரையுறதையும் தடுக்கும். மிக்ஸியில சோப்புத் தண்ணியை ஊத்தி ஓட்டின மாதிரிதான்.

ஆக, அணை வெறும் மிக்ஸி. சோப்பு எங்கிருந்து வருது? தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரோட கிழக்கு ஓரமா இறங்கி, ஓசூர் பக்கம் தமிழ்நாட்டுக்குள்ள நுழையுது. பெங்களூரோட கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியா இதுல சேருது. பெல்லந்தூர் ஏரியை ஆராய்ஞ்ச இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் ஒண்ணு கவனிச்சாங்க: சர்ஃபாக்டன்ட்ல ஒரு பகுதி அடிச்சேறுல தங்குது, பெருமழை வரும்போது கலங்கி மேல வருது. நுரைக்கு ஒரு சீசன் இருக்குறது இதனாலதான்.

நுரை மேல தண்ணியைப் பீய்ச்சினா அது அமுங்கும். பாலத்துல வண்டி போகும். ஆனா சர்ஃபாக்டன்ட் எங்கயும் போகல, தண்ணியிலயேதான் இருக்கு. அதே தண்ணிதான் கெலவரப்பள்ளி கால்வாய்கள்ல வயலுக்குப் பாயுது. மிச்சம் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணைன்னு கடலூர் வரைக்கும் போகுது. நுரை இல்லாத நாள்ல தண்ணி சுத்தமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. ஷட்டர் மூடியிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம்.

ஆத்துல கலக்குறதுக்கு முன்னாலயே கழிவுநீரைச் சுத்திகரிக்கிறதுதான் தீர்வு. எல்லைக்கு அந்தப் பக்கம் மட்டும் இல்ல, தொழிற்சாலைகளும் வீடுகளும் பெருகுற இந்தப் பக்கமும்தான். பெங்களூர்ல ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்குற நம்ம பசங்க துவைக்கிற துணியோட சோப்பும் இந்த ஆத்துக்கு வரலாம். அதனால அடுத்த தடவை அந்த வீடியோ வந்தா, நுரையோட உயரத்தைப் பார்த்துட்டு விட்டுடாதீங்க. அதுக்கு அடியில போற தண்ணி யாரோட வயலுக்குப் போகுதுன்னும் யோசிங்க. அப்புறம், அந்த நுரையில இறங்கி ரீல்ஸ் வேண்டாம், அது சாக்கடைத் தண்ணியோட நுரை.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.