அடைச்சா யார் கை?

(மன்னார்புரத்தில் துப்புரவுத் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மேடையில பேசிப் பழக்கமில்லாதவன் நான். ரயில் பெட்டிக்கு அடியில படுத்து வேலை பார்த்த ஃபிட்டர். அதனால தத்துவம் பேசப் போறதில்ல. ரயில் கக்கூஸைப் பத்திப் பேசப் போறேன். அந்தப் பேரைக் கேட்டு முகஞ்சுளிக்கிற ஆளு இந்தக் கூட்டத்துல இருக்க மாட்டாங்க. நம்ம தலையில கட்டின விசயம், நாம பேசாம வேற யாரு பேசுறது?

இந்த மன்னார்புரத்துக்கு ஒரு பக்கம் ஜங்ஷன், இன்னொரு பக்கம் பொன்மலை. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலைத் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அந்தத் தியாகத்துக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் ரயில்வே தொழிலாளி என்றால் பட்டறைக்காரர், டிரைவர், கார்டு, இவர்கள்தான் எல்லார் மனசிலும் வருவார்கள். தண்டவாளத்தில் விளக்குமாறோடு நின்ற பொம்பளை வரமாட்டாள். எங்கம்மா அப்படி நின்றவர்.

1853இல் இந்த நாட்டில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. சாதாரண வகுப்புப் பெட்டியில் ரொம்ப காலம் கக்கூஸ் கிடையாது. 1909இல் ஓக்கில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி, வயிறு கலங்கி இறங்கிய இடத்தில் வண்டியைத் தவறவிட்டு, நாலு பேர் முன்னால் அவமானப்பட்டதை அதிகாரிக்குக் கடிதமாக எழுதினார். அதற்குப் பிறகுதான் சாதாரணப் பெட்டிக்கும் கக்கூஸ் வந்தது என்பார்கள். நல்லது. ஆனால் வந்தது என்ன? ஒரு ஓட்டை. மேலே உட்கார்ந்தவரின் அவமானம் அந்த ஓட்டை வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி, கீழே நின்றவரின் அவமானமாக மாறியது. நூறு வருசம் அது யாருக்கும் தப்பாகப் படவில்லை.

கடலில் போகும் கப்பலுக்கு ஒரு சர்வதேச விதி உண்டு. 2003இல் அமலுக்கு வந்தது. சுத்திகரிக்காத மலத்தைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் கொட்டக் கூடாது. சின்னப் படகில்கூட இன்றைக்கு மின்சாரக் கக்கூஸ் வைக்கிறார்கள். பட்டனைத் தட்டினால் மோட்டார் அரைத்துத் தொட்டிக்குள் தள்ளிவிடும். கடலுக்கும் மீனுக்கும் அந்த அக்கறை வேண்டியதுதான். ஆனால் பிளாட்பாரத்துக்கு மூன்றடி கீழே எங்கம்மா நின்றார்களே, அவருக்கு எத்தனை மைல்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் முதல் சட்டம் 1993இல் வந்தது. அடுத்தது 2013இல் வந்தது. அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்றே அமலுக்கு வந்தது. அதில் ரயில் தண்டவாளம் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். அரசு அறிவிக்கிற கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துச் செய்ய வைத்தால், செய்கிறவர் மலம் அள்ளுபவர் ஆகமாட்டாராம்! கையில் ஒரு கையுறையை மாட்டிவிட்டால் சட்டத்தின் கண்ணுக்கு அந்த ஆள் மறைந்துபோவார். 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் மலம் அள்ளுவதைக் கெடு வைத்து ஒழிக்கும்படி ரயில்வேக்குச் சொன்னது. 'சஃபாய் கர்மசாரி ஆந்தோலன்' போட்ட வழக்கு அது. நம்ம ஜனங்க பத்து வருசத்துக்கு மேல கோர்ட்டுக்கு நடந்து வாங்கின தீர்ப்பு.

இதற்கிடையில் பயோ டாய்லெட் வந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் ரயில்வேயும் சேர்ந்து செய்தது. பெட்டிக்கு அடியில் எவர்சில்வர் தொட்டி. உள்ளே காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா. அது மலத்தைத் தின்று வாயுவாகவும் தண்ணீராகவும் பிரிக்கும். தண்ணீர் குளோரின் பட்டு வெளியேறும். 2016 ஜூலையில் மானாமதுரை - ராமேஸ்வரம் 114 கிலோமீட்டர், தண்டவாளத்தில் மலம் விழாத முதல் பாதையாக அறிவிக்கப்பட்டது. நம்ம திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போற வண்டி ஓடுற பாதைதான். 2021 வாக்கில் ஏறக்குறைய எல்லாப் பயணிகள் பெட்டியிலும் தொட்டி மாட்டியாச்சு.

நானும் மாட்டினேன். பொய் சொல்லல தோழர்களே, முதல் தொட்டிக்கு போல்ட் முறுக்கினப்ப எனக்குக் கண்ணுல தண்ணி. வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட சொன்னேன். “இனிமே தண்டவாளத்துல எதுவும் விழாதும்மா, எல்லாம் தொட்டிக்குள்ள போயிடும்”னேன். அவங்க வெத்தலைய மென்னுக்கிட்டே கேட்டாங்க: “சரிப்பா, அது அடைச்சா யாரு எடுப்பா?”

நான் பதில் சொல்லல. பதில் எனக்குத் தெரியும்.

2017இல் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை வந்தது. அவர்கள் பார்த்த 25,000 சொச்சம் பயோ டாய்லெட்டுகளில் ஒரே வருசத்தில் ஏறக்குறைய 2 லட்சம் குறைபாடுகள். பாதிக்கு மேல் அடைப்பு. பாட்டில், டீக் கப், பான்பராக் பாக்கெட், துணி, நாப்கின், பிள்ளைகளுக்குக் கட்டுற டயப்பர், எல்லாம் அந்தக் குழாய் வளைவில்தான் போய் நிற்கும். பாக்டீரியா மலத்தைத் தின்னும். பிளாஸ்டிக்கைத் தின்னுமா?

ஒரு நாள் ராத்திரி, வேற ஊரு டிப்போ, ஊர்ப் பேரு வேணாம். வண்டி கிளம்ப நேரமாச்சு. ஒரு கக்கூஸ் அடைச்சுக்கிச்சு. கம்பியும் கொக்கியும் இருந்த பெட்டி பூட்டிக் கிடக்கு, சாவி எங்கேன்னு தெரியல. காண்ட்ராக்ட் பையன் ஒருத்தன், இருபது வயசு இருக்கும், என்னையப் பார்த்தான். “அண்ணே, கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்க”ன்னான். முழங்கை வரைக்கும் கைய விட்டான். நான் டார்ச் புடிச்சேன். வண்டி நேரத்துக்குக் கிளம்பிச்சு.

அந்த டார்ச்சுதான் இன்னிக்கு என்னைய இங்க பேச வைக்குது.

இப்போ அடுத்த வகை வந்திருக்கிறது. மின்சார வேக்குவம் கக்கூஸ், விமானத்தில் இருக்கிற மாதிரி. பெரம்பூர் ஐ.சி.எஃப். செய்து 2019இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத்தில் அதுதான். பட்டனை அழுத்தினால் கொஞ்சம் தண்ணீர் சட்டியைக் கழுவும், வால்வு திறக்கும், ‘உஸ்’ என்று காற்று எல்லாவற்றையும் உறிஞ்சித் தொட்டிக்கு அனுப்பும், வால்வு மூடும். பழைய சட்டிக்குத் தண்ணீர் லிட்டர் கணக்கில் வேண்டும். இதற்கு அரை லிட்டர் போதும்.

வேலை செய்யவில்லை என்றால் வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒன்று, விளக்கு எரியுதா? எரியலைன்னா கரண்ட், ஃபியூஸ். ரெண்டு, விளக்கு எரிஞ்சும் சத்தம் வரலையா? காத்து அழுத்தம் குறைவு, குழாயும் கசியலாம். மூணு, சத்தம் வருது, தண்ணி வரலையா? மேல் தொட்டியும் தண்ணி வால்வும். நாலு, எல்லாம் சரி, ஆனா சட்டி காலியாகல. அப்போ வால்வுல ஏதோ மாட்டியிருக்கு.

முதல் மூணு கோளாறுக்கு டெஸ்டரும் ஸ்பேனரும் தூக்கிக்கிட்டு டெக்னீசியன் வருவாரு. எந்தச் சாதிக்காரரும் வருவாரு. நாலாவது கோளாறுன்னு தெரிஞ்சதும், “கிளீனிங் ஆளக் கூப்பிடு”ன்னு சொல்லிட்டு கையத் தட்டிக்கிட்டுப் போயிடுவாரு. ஒரே மிசின், ஒரே குழாய். நாலாவது கோளாறுல மட்டும் சாதி எங்கிருந்து வந்துச்சு?

நாலாவதும் டெக்னீசியன் வேலைதான். முதலில் கரண்டை நிறுத்தணும். காத்துக் குழாயை அடைக்கணும்; இல்லேன்னா வால்வு விரலை நசுக்கிடும். மூடியைக் கழற்றி நீளக் கொக்கியால எடுக்கணும், கையால இல்ல. தொட்டியை உறிஞ்ச மிசின் இருக்கணும். இதுக்குப் பயிற்சி வேணும், தடுப்பூசி வேணும்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். அடைப்பு எடுப்பதும் பராமரிப்பு வேலையே. அந்த டெக்னீசியன் பதவியும் சம்பளமும் அதற்கும் வேண்டும். காண்ட்ராக்ட் ஒழிந்து நிரந்தர வேலையாக, எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடுக்க வேண்டும். 2013 சட்டத்தில் இருக்கும் அந்த ‘விளக்கம்’ நீக்கப்பட வேண்டும். கருவி கொடுத்தோம் என்று ஏட்டில் எழுதிவிட்டு, அதைப் பெட்டியில் பூட்டி வைப்பவர்களைத் தப்பவிடுகிற ஓட்டை அது.

தண்டவாளம் சுத்தமானது உண்மை. நான் மறுக்கல. ஆனா எங்கம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. அடுத்த தடவை ஒரு பையன் வெளிச்சம் கேட்டா நான் டார்ச் புடிக்க மாட்டேன். வண்டி நிக்கட்டும். சாவி வரட்டும்.

ஜெய்பீம்.