மணிமருந்தின் நிறமும் விண்மீன் திரளின் வேகமும்



சிவகாசிப் பக்கம் பேன்சி ரகப் பட்டாசு ஒன்று உயரே போய் விரியும்போது, வேகமாகச் சீறிய மணி, அதாவது எரியும் மருந்துருண்டை, தூரம் போகிறது. மெதுவாகக் கிளம்பியது அருகிலேயே நிற்கிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால், இருமடங்கு தொலைவில் இருக்கும் மணிக்கு இருமடங்கு வேகம். எந்த மணியின் மேல் உட்கார்ந்து பார்த்தாலும் மற்றவை எல்லாம் தன்னை விட்டே ஓடுவதாகத் தெரியும். புவியீர்ப்பு எல்லாவற்றையும் ஒன்றுபோல் இழுப்பதால் இந்தக் கணக்கு கலையாது.

1929-இல் எட்வின் ஹபிள் விண்மீன் திரள்களிடம் கண்ட விதியும் இதே வடிவம்தான். பெல்ஜியப் பாதிரியார் லெமைத்ர் 1927-இலேயே அதைக் கணிதத்தில் வருவித்திருந்தார். ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் நொடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் விலகல் கூடுகிறது.

உவமை இதுவரைதான் உதவும். வாணவெடிக்கு நடு உண்டு, சுற்றிலும் காலி வானம் உண்டு. பிரபஞ்ச விரிவுக்கு நடுவும் கிடையாது, பரவிச் செல்ல வெளியே வேறோர் இடமும் தேவையில்லை. திரள்களுக்கு இடையிலுள்ள வெளிதான் விரிகிறது. அதனால் சுமார் 1,400 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ளவை ஒளியை மிஞ்சி விலகினாலும் ஐன்ஸ்டைன் விதி மீறப்படுவதில்லை. இந்த விரிவின் தொடக்கத்தைப் ‘பெருவெடிப்பு’ என்று பாடத்தில் கேட்கும் சிவகாசிப் பிள்ளைக்குச் சத்தமும் புகையுமே நினைவுக்கு வரும். அந்தச் சொல்லை வகுப்பில் எப்படி விளக்குவது என்பதைத்தான் இக்கருத்தரங்கு முதலில் பேச வேண்டும்.

சிவகாசிக்கும் விண்ணியலுக்கும் உள்ள சொந்தம் நிறத்தில் இருக்கிறது. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, சோடியம் மஞ்சள், செம்பு நீலம்: மணிமருந்து கலப்பவர்கள் கைப்பழக்கத்தில் அறிந்த பாடம். ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்தால் பொருள் விலகுகிறது, நீலப் பக்கம் நகர்ந்தால் நெருங்குகிறது. கொடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909-இல் இந்த நகர்வைக் கொண்டே, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். 1912-இல் அமெரிக்காவில் வெஸ்டோ ஸ்லைஃபர் ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளின் வேகத்தை அளந்தார். நொடிக்கு 300 கிலோமீட்டர், அதுவும் இந்தப் பக்கமாக!

விருதுநகர் சந்திப்பில் பக்கத்து ரயில் கிளம்பும்போது, நிற்கும் வண்டியில் இருப்பவருக்குத் தன் வண்டியே ஓடுவதாகத் தோன்றும். ஆண்ட்ரோமீடாவின் கதையில் பார்ப்பவரின் வண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. சூரியன் பால்வெளியின் மையத்தை நொடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் சுற்றுகிறது. அதன் பங்கைக் கழித்தால் இரு திரள்களும் நெருங்கும் வேகம் சுமார் 110 தான். இவ்வளவு அண்மையில் ஈர்ப்பு விரிவை வென்றுவிடுகிறது.

விரிவின் வேகம், அதாவது முன்னே சொன்ன ‘சுமார் 70’, மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பிளாங்க் விண்கலம் ஆதி ஒளியிலிருந்து தந்த எண் 67. வெடிக்கும் விண்மீன்களைக் கொண்டு அளப்பவர்களுக்கு 73. அந்த விண்மீன் வெடிப்புகளின் பின்னே, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் கணித்த நிறை வரம்பு நிற்கிறது. இன்றைய முதல் அமர்வு 67-க்கும் 73-க்கும் நடுவில் தொடங்குகிறது.