வெயிலை உள்ளே அழைத்த கோபுரம்



பெரிய அலுவலகக் கட்டடங்களில் பட்டப்பகலிலும் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். பல கட்டடங்களில் அதற்குக் காரணம் நடுவில் நிற்கும் கான்கிரீட் பெட்டி. லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை, குழாய்கள் எல்லாம் அதற்குள்தான். காற்றில் கட்டடம் ஆடாமல் பிடித்து நிறுத்துவதும் அதுவே. எங்கள் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் ஒரு கோபுரம் வரையச் சொன்னால், முதலில் அந்தப் பெட்டியைத்தான் போடுகிறார்கள். வெளிச்சத்துக்கு மிஞ்சிய இடம்தான்!

ஹாங்காங்கில் எச்.எஸ்.பி.சி வங்கியின் தலைமையகத்தை வடிவமைத்த நார்மன் ஃபாஸ்டர் அந்தப் பெட்டியை நடுவில் வைக்கவே இல்லை. லிஃப்ட்டையும் கழிப்பறையையும் ஓரங்களுக்குத் தள்ளினார். அப்படியானால் கட்டடத்தை எது தாங்குகிறது என்று கேட்பீர்கள். எட்டு எஃகுத் தூண் தொகுதிகள். மாடிகள் அவற்றிலிருந்து, உறியில் அடுக்கிய பானைகள் போலத் தொங்குகின்றன. இந்தத் தாங்கு அமைப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது ஓவ் அரூப் பொறியியல் நிறுவனம். 1985-இல் கட்டி முடித்தபோது உயரம் சுமார் 179 மீட்டர்.

எண்களை விடுங்கள். எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நடுவில் கிடைத்த வெளியில் பத்து மாடி உயரத்துக்கு ஒரு கூடம். சுற்றிலும் மாடிகள் கூடத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கின்றன. சரி, மேலே இன்னும் எத்தனையோ மாடிகள் மூடியிருக்க, கூடத்துக்குள் வெயில் எப்படி வரும்? தெற்குச் சுவருக்கு வெளியே கண்ணாடிகளை வரிசையாகப் பொருத்தினார்கள். சூரியன் நகர நகர அவையும் திரும்பும். அவற்றில் பட்ட ஒளி கிடைமட்டமாக உள்ளே பாயும். கூடத்தின் உச்சியில் வளைவாக அமைந்த இன்னொரு கண்ணாடி வரிசை அதை வாங்கிக் கீழே இறக்கும். கூடத்தின் தளம் ஒளி ஊடுருவும் கண்ணாடி என்பதால், அதையும் தாண்டித் தெருமட்டம் வரை வெளிச்சம் வரும்படி ஏற்பாடு.

அந்தத் தெருமட்டத்தில் சுவரே கிடையாது. யார் வேண்டுமானாலும் கடந்து போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுவேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் அட்டை விரித்து உட்கார்ந்து, கட்டிவந்த சாப்பாட்டைப் பகிர்ந்து கதை பேசுவார்கள். கோடிகள் புரளும் வங்கிக்கு அடியில்!

அலுவலகம் கட்டுவதற்காக என்னிடம் வந்த ஒரு முதலாளி, “நடுவில் வெறுமனே விட்ட சதுர அடிக்கு யார் சார் வாடகை தருவாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே நாள் முழுக்க உட்காரப் போகிறவர்கள் அவருடைய ஊழியர்கள் அல்லவா?

பாரத்தை ஓரத்துக்கு மாற்றினால் நடு திறக்கும், திறந்த நடுவில் வெளிச்சம் இறங்கும். அவ்வளவுதான் இந்தப் பாடம். அடுத்த முறை யாராவது உங்களிடம் வரைபடத்தை நீட்டினால், மதியம் 12 மணிக்கு விளக்குப் போடாமல் இங்கே பேப்பர் படிக்க முடியுமா என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.