வீட்டில் தேகாப்பியாசமும் கைப்பேசிக் கணக்கும்



இன்று உங்களோடு பேசுதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், வீட்டிலிருந்தபடியே செய்யும் தேகாப்பியாசமும், அதனைக் கைப்பேசியிலும் இணையத்திலும் கணக்கு வைக்கும் பழக்கமுமாகும். இதனைப் பற்றிப் பேச வைத்தியர் ஒருவரோ விளையாட்டாசிரியர் ஒருவரோ அல்லவா தகுதியுடையவர், கலைப் பட்டம் பெற்றுப் பாடசாலை அதிபராயிருக்கும் ஒரு பெண்ணுக்கு இதில் என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் தகுதி இவ்வளவே: நான் தொடங்கினேன், கைவிட்டேன், மீண்டும் தொடங்கினேன். வென்றவர்கள் தம் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இடையில் விட்டவர்களின் கதையைக் கேட்பார் அரிது.

2020ஆம் ஆண்டு தை மாதத்தில் வெறுவயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை 131 மில்லிகிராம் என்று வந்தது. 126ஐத் தாண்டினால் சீனி வருத்தத்தின் எல்லைக்குள் வந்துவிட்டோம் என்பது பொருள். மறு பரிசோதனையும் அதனையே கூறிற்று. என் தாயாருக்கும் அந்நோய் இருந்தது. அவருடைய வலக்காலில் இரண்டு விரல்களை அகற்றிய நாளில் வைத்தியசாலைக் கட்டிலருகே நின்றவள் நான். ஆகவே, அந்த எண் எனக்கு வெறும் எண்ணாகத் தோன்றவில்லை.

நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கும்படி வைத்தியர் கூறினார். கூறுவது எளிது. எங்கள் ஊர் ஒழுங்கையில் பாடசாலை அதிபர் ஒருத்தி மாலை வேளையில் கைவீசி நடந்தால், ஒவ்வொரு படலையிலும் ஒரு பெற்றார் நிற்பார். “என்ன ரீச்சர், பஸ் தவறிப்போச்சோ?” என்று பரிவோடு ஒருவர் கேட்பார். இன்னொருவர் மகனுடைய கணித மதிப்பெண்ணைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அரைமணி நேர நடையில் இருபது நிமிடம் நின்றபடியே கழியும். பங்குனி மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. அந்த ஒழுங்கையும் இல்லாது போயிற்று. எஞ்சியது பதினெட்டு அடி நீளமுள்ள எங்கள் வீட்டு விறாந்தை ஒன்றே.

கனடாவிலிருக்கும் என் தங்கை மகன் அப்போது தொலைபேசியில், “பெரியம்மா, உங்கடை போனிலையே அடிக்கணக்கு இருக்கு, திறந்து பாருங்கோ” என்றான். திறந்து பார்த்தேன். அன்று முழுவதும் நான் நடந்தது 640 அடிகள் என்று அது காட்டிற்று. காலையிலிருந்து அடுப்படிக்கும் கிணற்றடிக்குமாக ஓய்வின்றி நடந்தவள் நான். கைப்பேசியோ மேசைமேற் கிடந்தது. சேலை உடுத்தும் பெண்ணுக்குச் சட்டைப்பை இல்லை என்பதை அந்தக் கருவியைச் செய்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்! எப்படியாயினும் அன்றே இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். கதிரையிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்தல், சுவரிற் கைகளை ஊன்றித் தள்ளுதல், தண்ணீர் நிறைத்த ஒன்றரை லீற்றர் போத்தல்களைத் தோளுக்கு மேல் உயர்த்துதல், விறாந்தையில் முன்னும் பின்னுமாக நடத்தல் ஆகிய இவையே என் அப்பியாசங்கள்.

வீட்டில் தனித்துச் செய்யும் அப்பியாசமும் அதற்குக் கணக்கு வைத்தலும் இணையம் பெற்றெடுத்த பிள்ளைகள் அல்ல. செருமனியிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த யூஜின் சாண்டோ என்னும் பலவான், நூறாண்டுகளுக்கு முன்னரே தபால் மூலம் தேகாப்பியாசம் கற்பித்தார். மாணாக்கர் தம் மார்பளவையும் கையளவையும் எழுதியனுப்புவர். அவர் பயிற்சியை எழுதியனுப்புவார். தமிழ்நாட்டில் கையில்லாத பனியனுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது. பின்னர், 1950களின் பிற்பகுதியில், கனடா நாட்டு விமானப்படைக்காக பில் ஓர்பன் என்பவர் ஐந்து அப்பியாசங்களைக் கொண்ட ஒரு திட்டத்தை வகுத்தார். உடற்பயிற்சிக் கூடமில்லாத தூர முகாம்களில் இருந்தோர்க்கென அமைந்தபடியால், அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. குனிந்து கால்விரலைத் தொடுதலுக்கு இரண்டு நிமிடம். அடுத்த மூன்று பயிற்சிகளுக்கு ஒவ்வொரு நிமிடம். நின்ற இடத்திலேயே ஓடுதலுக்கு ஆறு நிமிடம். மொத்தம் பதினொரு நிமிடம். அதனோடு ஓர் அட்டவணையும் உண்டு. அடிப்படியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு படியிலுள்ளனவற்றைக் குறித்த நேரத்துள் முடிக்க இயலும் வரை அடுத்த படிக்கு ஏறலாகாது. வகுப்பேற்றும் முறையை அறிந்த ஆசிரியர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பதினொரு நிமிடம் என்னும் அளவை நானும் கடன் வாங்கிக்கொண்டேன். அரைமணி நேரம் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்ல இயலும். பதினொரு நிமிடம் கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆயினும் என் செயலி பதினோராயிரம் நிமிடத்தையும் மதிப்பதாய் இல்லை. அதற்கு வேண்டியது நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி. இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? தோக்கியோ ஒலிம்பிக் விழா 1964இல் நடந்தது. அதற்கு அடுத்த ஆண்டு யப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் அணியும் அடிமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் ‘மான்போ-கெய்’. பத்தாயிரம் அடி மானி என்பது பொருள். விற்பனைக்கு இட்ட பெயர் அறுபது ஆண்டுகளில் வேதவாக்காகிவிட்டது. அமெரிக்காவில் ஐ-மின் லீ என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும், சராசரி வயது 72 ஆகிய 16,741 பெண்களின் நடையை அளந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு வேறு செய்தியைக் கூறுகின்றது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தோர், 2,700 அடி நடந்தோரிலும் குறைந்த விகிதத்திலேயே இறந்தனர். 7,500 அடியளவில் அந்த நன்மை மேலும் ஏறாமல் நின்றுவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் அடிகளை எண்ணவேயில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு, இரண்டு நாட்களாயினும் தசைகளுக்குப் பயிற்சி என்பதே அதன் அளவு. பத்து நிமிடத்துக்குக் குறைந்த அசைவு கணக்கில் வாராது என்ற பழைய நிபந்தனையையும் அது நீக்கிவிட்டது.

இவற்றையெல்லாம் நான் பின்னரே அறிந்தேன். அப்போது எனக்கு பத்தாயிரமே கடவுள். இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் குடும்பத்துப் பெண்கள் ஒன்பது பேர் அந்தச் செயலியில் ஒரு குழுவாய்ச் சேர்ந்திருந்தோம். இரவானதும் யார் முதலிடம், யார் கடைசியிடம் என்று பட்டியல் வரும். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு எனக்கு 9,300 என்று காட்டிற்று. கட்டிலில் அமர்ந்தபடி கைப்பேசியை வலக்கையிற் பிடித்து ஆட்டத் தொடங்கினேன். அக்கருவிக்குக் காலும் தெரியாது, நிலமும் தெரியாது. குலுக்கலை உணர்ந்து, இஃது ஓர் அடியாயிருக்கலாம் என்று ஊகிப்பதே அதன் தொழில். ஐந்தாறு நிமிடத்தில் பத்தாயிரம் நிறைந்தது. திரையில் வண்ணக் காகிதங்கள் சொரிந்தன. என் கணவர் அருகிலிருந்து, “வரவு இடாப்பிலை இல்லாத பிள்ளைக்கு வரவு போட்ட ஆசிரியரை நீர் என்ன செய்வீர்?” என்று கேட்டார். நான் மறுமொழி கூறவில்லை.

அந்தப் பட்டியல் இன்னொரு கேட்டையும் செய்தது. கடைசியிடத்தில் எப்பொழுதும் நின்றவர் எங்கள் மூத்த மச்சாள். முழங்கால் நோவுடன் நாளுக்கு 3,000 அடி நடந்தவர் அவர். உண்மையில் எங்கள் எல்லோரிலும் பெரிய முயற்சி அவருடையதே. இரண்டு மாதம் கடைசியிடத்தில் நின்றபின், ஒரு சொல்லுஞ் சொல்லாமல் குழுவிலிருந்து விலகினார், நடப்பதையும் விட்டார். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நான், கடைசி வாங்கிற் பிள்ளைக்கு நேர்வதை என் சொந்தக் குடும்பத்தில் கண்டுகொள்ளவில்லை.

என் முறையும் வந்தது. தாயார் 2022 தை மாதத்திற் காலமானார். அப்பொழுது நான் ஒரு நாளும் விடாமல் 212 நாள் தொடர் வைத்திருந்தேன். செத்த வீட்டில் அடிக்கணக்குப் பார்ப்பார் உண்டோ? அந்தியேட்டி முடிந்து பல நாள் சென்றபின் செயலியைத் திறந்தேன். 212 இருந்த இடத்தில் பூச்சியம் நின்றது. அதன் கீழே, ‘மீண்டும் தொடங்குவோம்’ என்று சிரித்த முகத்துடன் ஒரு வாசகம். அந்தப் பூச்சியத்தைக் கண்டபோது எழுந்த வெறுப்பை என்னால் விளக்க இயலாது. ஏழு மாத உழைப்பு என் காலிலும் இதயத்திலும் அப்படியே இருந்தது. ஆயினும், எல்லாம் போயிற்று என்று நம்பினேன். செயலியை அழித்தேன். அப்பியாசத்தையும் விட்டேன்.

அந்த ஆண்டின் நடுப்பகுதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. மூன்று கிலோமீற்றர் தூரத்தைச் சைக்கிளில் மிதித்துப் பாடசாலைக்குப் போனேன். முதல் நாள் பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கி இறங்கி நின்றேன். என்னைக் கடந்து சென்ற ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “மிஸ், நான் தள்ளி விடட்டோ?” என்றாள். அவள் நல்லெண்ணத்தோடுதான் கேட்டாள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மீண்டும் கதிரையை விறாந்தைக்கு இழுத்தேன்.

இம்முறை கணக்கைப் பற்றிச் சிறிது படித்துப் பார்த்தேன். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லலி என்பவரும் மற்றோரும் 96 பேரைக்கொண்டு செய்த ஆய்வொன்று உண்டு. புதுச் செயல் ஒன்று தானாக நிகழும் பழக்கமாவதற்கு அவர்களிற் சிலருக்கு 18 நாளே போதுமாயிருந்தது. நடுத்தரமாக 66 நாள். சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணிக்கப்பட்டது. என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது அதிலுள்ள வேறொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறுவதாற் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்கவாறு கெடவில்லை. பூச்சியம் கூறியது பொய் என்பது இதனாற் தெளிவாயிற்று.

அமெரிக்காவில் 471 இளைஞரைக்கொண்டு செய்து 2016இல் வெளியான இன்னோர் ஆய்வு, விற்பனையாளருக்கு உவப்பானதன்று. எல்லோர்க்கும் உணவு முறையும் பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. ஆறு மாதத்தின் பின் ஒரு சாரார் தாம் செய்ததைத் தாமே இணையத்தில் எழுதினர். மற்றச் சாரார்க்குத் தானாகவே அளக்கும் கருவி அணிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு முடிவில் தாமே எழுதியோர் சராசரியாக 5.9 கிலோ குறைந்தனர். கருவி அணிந்தோர் 3.5 கிலோவே குறைந்தனர். காரணம் இன்னதென்று அந்த ஆய்வு அறுதியிட்டுக் கூறவில்லை. என் ஊகத்தை நான் கூறலாம்: பிறர் எழுதித் தந்த விடையை நாம் வாசிப்பதில்லை, நாமே எழுதியதை மறப்பதில்லை. அதற்காகக் கருவி பயனற்றது என்றும் கூறேன். அடிமானி பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, அதனை அணிந்தோர் முன்னையிலும் நாற்பங்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நடந்தனர் என்கின்றது. ஓர் இலக்கு வைத்திருத்தல் முக்கியம் என்றும் சொல்கின்றது. இலக்கு இருக்கட்டும். அஃது என் காலுக்கேற்ற இலக்காயிருத்தல் வேண்டும் அல்லவா?

எரிந்த கலோரி இத்தனை என்று கையிற் கட்டிய கடிகாரம் கூறுவதை நம்பி ஒரு துண்டு கேக் அதிகமாக உண்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தனர். இதயத் துடிப்பை அவற்றுள் ஆறு நன்றாகவே அளந்தன. கலோரிக் கணக்கிலோ மிகத் திறமான கருவியும் நூற்றுக்கு 27 அளவிற் பிழைத்தது. ஆகவே கேக்கைத் தனியாகவே சிந்தித்து உண்ணுங்கள்.

இளம் பெண்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்களாயின், மற்றுமொன்று. ஓடும் பாதையை வரைபடமாக வெளியிடும் செயலிகள் உண்டு. ஸ்ராவா என்னும் செயலி தன் பாவனையாளர் ஓடிய தடங்களையெல்லாம் சேர்த்து வெளியிட்ட உலகப் படத்தில், இராணுவ முகாம்களின் உருவமே துலங்கியதை 2018 தொடக்கத்தில் அவுஸ்திரேலிய மாணவர் ஒருவர் கண்டு சொன்னார். முகாமையே காட்டிக்கொடுத்தது, உங்கள் வீட்டுப் படலையை மறைக்குமா? பதிவைப் பிறர் பாராதபடி பூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்னிடம் செயலியும் உண்டு, எண்பது பக்கக் கொப்பியும் உண்டு. செயலியில் இலக்கைப் பத்தாயிரத்திலிருந்து ஆறாயிரமாகக் குறைத்தேன். தொடர்நாள் எண்ணைக் காட்டும் இடத்தை மறைத்தேன். பட்டியற் குழுவிற்குத் திரும்பவில்லை. கொப்பியில் நாளுக்கு ஒரு வரி எழுதுகின்றேன். செய்தது என்ன, உடம்பு எப்படியிருந்தது என்பவை மட்டும். செய்யாத நாளுக்குக் காரணம் எழுதுவேன், பூச்சியம் போடுவதில்லை. கையூன்றாமல் கதிரையிலிருந்து அரைநிமிடத்தில் எத்தனை முறை எழுகின்றேன் என்று மாதமொரு முறை எண்ணிக் குறித்துக்கொள்வேன். முதலில் ஒன்பது, இப்போது பதினைந்து. அடிக்கணக்கிலும் எனக்கு உகந்த கணக்கு இதுவே. கிணற்றடியிற் குந்தி எழும்போது அதன் பலனை என் முழங்கால் உடனே சொல்லிவிடும்.

சீனி மாத்திரையை நான் இன்னும் எடுக்கின்றேன். அப்பியாசத்தால் அது நின்றுவிட்டது என்று கூறினால் மற்றுமொரு பொய்யாகும். அளவு கூடவில்லை, கால்களிற் புண் இல்லை.

மச்சாளுக்கும் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். அவர் மாலையில் எங்கள் வீட்டுக்கு வருவார். விறாந்தையின் ஒரு முனையில் அவரும் மறு முனையில் நானுமாக நடந்து, நடுவில் ஒருவரையொருவர் கடப்போம். நேற்று மழை, விறாந்தை முழுதும் நனைந்துவிட்டது. அவர் தம் கொப்பியில் எழுதிய வரி இது: ‘அறைக்குள் பதினொரு நிமிடம். வலது முழங்கால் நோ குறைவு. நாளைக்கு எனக்கு வேறு கதிரை வேண்டும்.’