பூங்கா யாருக்கு? பூட்டு யாருக்கு?

(தென்சென்னைப் பகுதி ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசாப் படிங்க, உங்க வார்டு தோழர்களுக்கும் அனுப்புங்க.)



இன்னைக்கு நான் பேசப்போறது பூங்காவைப் பத்தி. "விலைவாசி இருக்கு, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கு, இப்போ போய் பூங்காவா?" என்று சிலர் கேட்கலாம். தோட்டம் வைத்த வீட்டில் இருப்பவருக்குப் பூங்கா ஒரு பொழுதுபோக்கு. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பத்துக்கு அதுதான் திண்ணை, அதுதான் முற்றம், அதுதான் பிள்ளை ஓடி விளையாடும் ஒரே இடம். அதனால்தான் சொல்கிறோம், இது அரசியல்.

நம்ம தி.நகரையே எடுத்துக்குங்க. மாம்பலம் ஏரி இருந்த இடத்தில், 1920-களில் திட்டமிட்டுக் கட்டிய நகர் இது. ஊருக்குப் பிட்டி தியாகராயர் பெயர். நடுவில் உள்ள பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். இன்னொரு பூங்காவுக்கு டாக்டர் நடேசனார் பெயர். மூன்று பேரும் நீதிக்கட்சித் தலைவர்கள். நூறு வருஷத்துக்கு முன்னாடியே, வீடு கட்டும்போது பூங்காவுக்கும் இடம் விடணும் என்று யோசித்திருக்கிறார்கள்.

இன்று அந்தப் பனகல் பூங்காவைச் சுற்றி ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறார்கள். கடைக்குள் அவர்கள் உட்கார இருக்கை தரணும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வெளியே எங்கே உட்காருவார்கள்? மரத்தடி, பெஞ்சு, குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை, இந்த நாலும் இலவசமாகக் கிடைக்கவேண்டிய இடம் பூங்கா. காலையில் நடைப்பயிற்சிக்குத் திறந்து, மதியம் பூட்டி, சாயங்காலம் மறுபடி திறந்தால், அந்த நேரக்கணக்கு யாருக்காகப் போட்டது?

சட்டம் என்ன சொல்லுது? அரசியல் சட்டத்தின் 12-ஆவது அட்டவணையில் பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் எல்லாம் நகராட்சி அமைப்புகளின் பொறுப்பாகவே எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 1959-லேயே பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்துவிட்டது. பட்டியலில் சேர்ந்த பூங்காவை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது, சுத்தமாகப் பராமரிக்கணும் என்பது அதன் சாரம்.

நீதிமன்றமும் இதில் தெளிவாக இருக்கிறது. பெங்களூருவில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது, கேள்வி கேட்க அங்கே குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேஸ் போட்டவர்கள் பெரிய ஆட்கள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள்!

தனியார் உதவவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. மயிலாப்பூர் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவை ஒரு தனியார் நிதி நிறுவனம் பல வருஷமாகப் பராமரிக்கிறது. உள்ளே போகக் காசு கிடையாது. அது ஒரு முறை. ஆனால் 2025 அக்டோபரில், மாநகராட்சியின் செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியார் நடத்தவும் கட்டணம் வாங்கவும் மாமன்றத்தில் தீர்மானம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, சில நாளிலேயே தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. பராமரிக்க உதவி வாங்குவது வேறு, பந்து உதைக்க வரும் குப்பத்துப் பிள்ளையிடம் மணிக்கணக்கில் காசு கேட்பது வேறு. இந்தக் கோட்டை எந்த ஆட்சியும் தாண்டக் கூடாது.

கட்டினால் மட்டும் போதாது. மாற்றுத்திறனாளிகள் கடல் அலை வரை போக மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். பார்த்தவர்கள் கண்ணெல்லாம் நனைந்தது. டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள். இதில் பாடம் இதுதான்: திறப்பு விழாவுக்கு மட்டும் இல்லை, பராமரிப்புக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கணும்.

பனகல் பூங்காவிலும் மெட்ரோ ரயில் வேலைக்காக ஒரு பகுதியை அடைத்தார்கள். மெட்ரோ நமக்கு வேணும்தான். வேலை முடிந்ததும் எவ்வளவு இடம் திரும்பி வரும், எந்தத் தேதிக்குள் வரும், வெட்டிய மரத்துக்கு ஈடாக எங்கே நட்டார்கள், இதையெல்லாம் அங்கேயே பலகையில் எழுதி வைக்கணும்.

நம் கோரிக்கை ஐந்து:

1. காலை முதல் இரவு வரை இடைவேளை இல்லாமல் பூங்கா திறந்திருக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது.

2. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, குடிதண்ணீர், இரவில் எரியும் விளக்கு கட்டாயம்.

3. சக்கர நாற்காலி நுழையும் வாசல், உடையாத ஊஞ்சல், சறுக்குமரம். விளையாட்டுச் சாதனங்களை மாதம் ஒருமுறை சோதித்து, சோதித்த தேதியை எழுதி ஒட்ட வேண்டும்.

4. ஒப்பந்ததாரர் யார், தொகை எவ்வளவு, புகார் எண் என்ன என்பதை வாசலில் வைக்க வேண்டும்.

5. பூங்காவைப் பெருக்கித் தண்ணீர் ஊற்றும் தொழிலாளிக்குச் சட்டப்படியான கூலி, வார விடுமுறை, ஓய்வறை.

இனி உங்க வேலை. இதுக்கு லைக் போட்டுவிட்டுப் போகாதீங்க. தேனாம்பேட்டை மண்டலமோ, கோடம்பாக்கமோ, அடையாறோ, இந்த வாரம் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு உங்க வீட்டுப் பக்கத்துப் பூங்காவுக்குப் போங்க. கதவு திறந்திருக்கா, குழாயில் தண்ணி வருதா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கா என்று பாருங்க. படம் எடுங்க. குழந்தைகள், பெண்கள் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்குங்க. காவலாளியோடு சண்டை போடாதீங்க, அவரும் நம்மைப் போல ஒரு கூலிக்காரர்தான். 1913-க்குப் போன் பண்ணிப் புகார் எண் வாங்குங்க. அந்த எண்ணோடு உங்க வார்டின் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்னு கேளுங்க. பகுதி சபைக்கு 2022-லேயே விதிகள் வந்தாச்சு. நாம போகலைன்னா அங்கே நாற்காலிதான் இருக்கும்.

உங்க பூங்கா எப்படி இருக்கு? பெயரையும் வார்டு எண்ணையும் கீழே கமெண்டில் எழுதுங்க. பட்டியல் போட்டு, மாநகராட்சியிடம் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்.

பூங்கா மக்கள் சொத்து. பூட்டைத் திறப்போம்!



#பூங்கா_மக்கள்_சொத்து #மதியம்_இரண்டு_மணி #தென்சென்னை